இடதுபக்கம் ஒரு விரல் இடைவெளி

பார்சல் லாரிக்காரன் ஆளுயரப் பெட்டியை
வாசலில் சாய்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போனான்.
பிரித்தால், என் காருக்கு
யாரோ டெல்லியில் செய்தனுப்பிய தாடை.
மட்டக் கருப்பு. அடியில் உதடு மாதிரி ஒரு நீட்டல்.
கூடவே கவரில் பதினான்கு கிளிப்,
யாருக்கும் புரியாத படம் ஒன்று.

புருணையிலிருந்து மச்சான் சொன்னார்:
"கடையில் விட்டா ரெண்டாயிரம் கேப்பான்.
நான் சொல்லச் சொல்ல நீயே மாட்டு, சஃபூரா."
செங்கல்லில் போனைச் சாய்த்து வைத்தேன்.
அவர் பார்த்தது பெரும்பாலும் என் முழங்காலை.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்.
பானெட்டைத் தூக்கினால் மேலே நான்கு போல்ட்டு,
சக்கரத்துக்குள் கைவிட்டால் பக்கத்துக்கு இரண்டு,
மீதியெல்லாம் பாய் விரித்துப் படுத்தால்தான் தெரியும்.
ஒன்று துருவேறித் திரும்பவே இல்லை.
தேங்காயெண்ணெய் விட்டேன்,
கதவுக் கீலுக்கு விடுகிற அதே சீசா.

"ரெண்டு கையாலயும் இழு. உடையாது."
பன்னாடை கிழிகிற சத்தத்தில்
பழைய பம்பர் என் மடியில் வந்து விழுந்தது.
உள்ளே ஒரு பிடி பதர்,
தட்டான் சிறகுகள்,
ஓடாய்க் காய்ந்த வயல் சேறு.
இடதுபக்கம்
உள்நோக்கி வளைந்த இரும்பு.

அதுவரை உறைந்து உறைந்து வந்த படம்
அந்த நேரம் பார்த்துத் தெளிவாகிவிட்டது.
"அது என்ன?"

அவர் லீவு முடிந்து போகும்போது
உறை போட்டு மூடிவிட்டுப் போன வண்டி.
சாவி பீரோவில், அரிசி ரசீதுக்கு அடியில்.
பூட்டிக் கிடக்கும் மில்லுக்குப் பின்னால்
விடியுமுன் நான் கியர் பழகியது அவருக்குத் தெரியாது.
மாமிக்கு மூச்சு இரைத்த இரவில்
ஆம்புலன்ஸ் வந்ததாகத்தான் சொல்லியிருந்தோம்.

நீடாமங்கலம் கேட்டில்
நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ் ஒன்று
முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டே இருந்தது.
திறந்ததும் எதிர்வரிசையும் எங்கள் வரிசையும்
ஒரே வாயில் நுழைந்தன.
கம்பத்தில் முட்டினேன்.
இறங்கிப் பார்க்கவா என்று திரும்பினால்
பின்சீட்டில் மாமி, மூச்சுக்கு நடுவே, "போ."
வெளிப்பள்ளத்தை மறுநாள் வெந்நீர் ஊற்றித் தட்டி எடுத்தேன்.
பையனிடம் சொல்லாதே என்றதும் மாமிதான்.

சொல்லி முடித்தபோது அஸர் பாங்கு.
அவருக்கு அங்கே இருட்டிவிட்டது.
முகம் தெரியவில்லை.
தொடர்பு போய்விட்டதோ என்று
இரண்டு தடவை "மச்சான்" என்றேன்.

"கட்டை வெச்சு அடி. இரும்புல நேரா அடிக்காதே,
விரிசல் விடும்."

அடித்தேன்.
எதிர்வீட்டு வாத்துகள் கத்திக்கொண்டே ஓடின.

"எத்தன கியர் போட்டே அன்னிக்கு?"
"நாலு."
"அஞ்சு இருக்கு அதுல."

புதியது உட்காரவில்லை.
வலது பக்கம் விளக்கோடு ஒட்டி நின்றது,
இடது பக்கம் ஒரு விரல் போகும்.
ஓட்டையை அரத்தால் நீளமாக்கினேன்,
முழங்காலால் முட்டுக்கொடுத்தேன்,
கிளிப் மூன்று உடைந்தது.
அரை விரல் ஆயிற்று.
"போதும் விடு, ஊர்ல யாரும் அளந்து பாக்க மாட்டான்" என்றார்,
ஒரு நூல் கோணினாலும் படச்சட்டத்தைக் கழற்றி மாட்டுகிறவர்.

மறுநாள் காலையில் வெளியே எடுத்தேன்.
வாய்க்கால் மதகு மேட்டில் அடி தேய்ந்தது.
அப்புறம் தார்ச்சாலையில் பாதியை அடைத்து
சம்பா நெல் காய்ந்தது. கல் அடுக்கி வைத்திருந்தார்கள்.
எதிரே டவுன் பஸ். ஒதுங்கினேன்.
புது உதடு ஒரு மரக்கால் நெல்லை
அலுங்காமல் வாரிக்கொண்டு வந்துவிட்டது.

கோமளவல்லி துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.
இறங்கி இரண்டு கையாலும் அள்ளிக் கொட்டினேன்.
குனிந்து முன்பக்கத்தைப் பார்த்தாள்.
"காருக்கு எதுக்குடி நெல்லுத் தள்ளுற பலகை?"
"உங்க தம்பி வாங்கி அனுப்பிச்சது."
"நல்லாத்தான் தள்ளுது. சாயங்காலம் குவிக்கிறப்ப
ஒரு நடை வந்துட்டுப் போ."

வெண்ணாற்றுப் பாலம் தாண்டி
ரோடு நேராகிற இடத்தில்
ஐந்தைப் போட்டேன்.